கோல்கொண்டாவில் ஒரு நீராட்டு மண்டபம்

'ஹமாம்' என்னும் சொல்லை அறியாத தமிழ் இல்லம் அரிது. ஆயினும் அச்சொல்லுக்கு நாம் அறிந்திருக்கும் பொருள் ஒன்றே. குளியலறை மாடத்தில் இருக்கும் பச்சை நிறச் சோப்புக் கட்டி. டாட்டா எண்ணெய் ஆலையார் 1931-ஆம் ஆண்டில் அப்பெயரிட்டு அதனை விற்கத் தொடங்கினர். 1993-இல் அந்நிறுவனம் வேறொரு பெரிய நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. சோப்பின் பெயர் மட்டும் மாறவில்லை. தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்ற நம் பிள்ளைப் பருவத்தோடு அப்பெயர் கலந்துவிட்டது.

சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து கோல்கொண்டாவில் உள்ள குதுப் ஷாகி மன்னர்களின் கல்லறைத் தோட்டத்தைக் காணச் சென்றிருந்தோம். கவிகைகள் பல கொண்ட தாழ்ந்த கட்டடம் ஒன்றன் முன் நின்ற பலகையை எங்களுடன் வந்த சிறுவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். 'ஹமாம்' என்று படித்ததும் அவனுக்கு வியப்புத் தாங்கவில்லை. "சோப்பின் பெயரை எதற்காகத் தாத்தா இந்தக் கட்டடத்துக்கு வைத்தார்கள்?" என்று கேட்டான். எல்லோரும் நகைத்தோம். நகைத்து முடித்த பிறகுதான், அவனுக்குச் சொல்ல வேண்டிய விடை எங்களுள் ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது என்பது தெரிந்தது. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக வாழ்கின்றோம். பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றே அப்பால் இருக்கும் ஒரு கட்டடத்தின் பெயருக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை. அன்று சிறுவனுக்குச் சொல்லத் தவறிய விடையை, பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டு, இம்மலரில் எழுதித் தருகின்றோம்.

நீரின் வழியே ஒரு பயணம்

செகந்திராபாத்திலிருந்து கோல்கொண்டாவுக்குச் செல்பவர் உசேன் சாகர் ஏரியைக் கடந்தே செல்லுதல் வழக்கம். அந்த ஏரியே நாம் சொல்லப்போகும் வரலாற்றின் முன்னுரை எனலாம். இப்ராகிம் குதுப் ஷா ஆட்சியில், 1562-ஆம் ஆண்டளவில் அது வெட்டப்பட்டது. அன்று ஐதராபாத் நகரம் பிறக்கவே இல்லை. சார்மினார் எழுந்தது 1591-இல். நம் செகந்திராபாத்தோ அதற்கும் மிகப் பிந்தியது. மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் பெயர் பெற்றது. ஆக, இவ்விரு நகரங்களுக்கும் மூத்தது இந்த ஏரி. இங்கு ஊரினும் முன்னே நீர் பிறந்தது.

ஏரிக்கரையைத் தாண்டி மெகதிப்பட்டினம், டோலி சௌக்கி வழியாகச் சென்றால் கோட்டைக் குன்று தோன்றும். 'கொல்ல கொண்ட' என்னும் தெலுங்குத் தொடருக்கு ஆயர் குன்று என்பது பொருள். ஆயர் குன்றை அரசர் குன்றாக்கியவர் சுல்தான் குலி குதுபுல் முல்க். பாரசீகத்து ஹமதான் பகுதியிலிருந்து பாமினி அரசில் பணிசெய்ய வந்தவர் அவர். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர் என்ற வகையில் நம்மைப் போன்ற ஒரு புலம்பெயர்ந்தவரே. 1518-ஆம் ஆண்டு தொடங்கி அவர் குலம் இந்நாட்டை ஆண்டதாகக் கணக்கிடுவர். எண்மர் அரியணை ஏறினர். 1687-இல் ஒளரங்கசீப்பின் படைக்குக் கோட்டை வீழ்ந்ததோடு அக்குலத்தின் ஆட்சி முடிந்தது.

கோட்டைக்கு வடக்கே ஒரு கிலோமீட்டர் அளவில், நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அவ்வரசர்களின் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஒரே குலத்து மன்னர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே தோட்டத்தில் துயில்கொள்ளும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. பதினேழாம் நூற்றாண்டில் வைரம் வாங்க இங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே இத்தோட்டத்தைப் பற்றியும் எழுதி வைத்திருக்கின்றார். விழா நாள்களில் கல்லறைகளின் மேல் விலையுயர்ந்த கம்பளங்கள் விரிக்கப்பட்டன என்றும், நாள்தோறும் பிற்பகலில் வந்த ஏழையர் அனைவருக்கும் ரொட்டியும் புலாவும் வழங்கப்பட்டன என்றும் அவர் குறிக்கின்றார். கல்லறை என்றவுடன் நாம் எண்ணும் வெறுமை அன்று அங்கு இல்லை. அது சோறும் நீரும் மலரும் மக்களும் நிறைந்த தோட்டமாக இருந்தது.

அரசு வீழ்ந்தபின் தோட்டம் காடாயிற்று. 2013-ஆம் ஆண்டு தொடங்கி ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, மாநில அரசின் மரபுரிமைத் துறையோடு சேர்ந்து, பத்தாண்டுக்கு மேலாகப் பழுதுபார்த்து, 2024-இல் இதனை மக்களிடம் மீண்டும் ஒப்படைத்தது. எங்கள் பிள்ளைப் பருவத்தில் முட்புதரும் வௌவால் நாற்றமுமாய் இருந்த இடத்தை, எங்கள் பேரப்பிள்ளைகள் புல்வெளியும் சுண்ணாம்பு வெண்மையுமாகக் கண்டனர்.

ஹமாம் என்னும் கலை

'ஹமாம்' என்பது அரபுச் சொல். சூடாக்குதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது. வெந்நீர் மண்டபம் என்று தமிழில் சொல்லலாம். எனினும் அக்கலையின் வேர் அரபு நாட்டோடு நில்லாது, அதற்கும் முற்பட்ட ரோமானியர் வரை செல்கின்றது. ரோமானியர் தம் ஆட்சி சென்ற ஊர்தோறும் பொது நீராட்டு மண்டபங்களை எழுப்பினர். தண்ணீர் அறை, இளஞ்சூட்டு அறை, வெப்ப அறை என்று ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் இருக்கும். தரையைச் சிறு தூண்களின்மேல் நிறுத்தி, உலையின் அனலை அத்தரைக்கு அடியில் செலுத்துவர். ரோமப் பேரரசு மேற்கில் அழிந்த பிறகும், கிழக்கே சிரியா முதலிய நாடுகளில் இவ்வழக்கம் அழியவில்லை. அரபியர் அதனை ஏற்றுத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டனர். இன்றைய ஜோர்தான் பாலைவனத்தில் நிற்கும் குசைர் அம்ரா என்னும் எட்டாம் நூற்றாண்டு நீராட்டு மாளிகை அம்மாற்றத்துக்குச் சான்று. பெரிய குளத்தில் மூழ்குதல் குறைந்தது. ஓடும் நீரை மொண்டு ஊற்றிக்கொள்ளுதலும் வெம்மையில் வியர்த்தலும் முதன்மை பெற்றன. பாரசீகரும் துருக்கியரும் அக்கலையை வளர்த்தனர். சுல்தான் குலியைப் போன்றோர் வாளோடும் மொழியோடும் அதனையும் தக்காணத்துக்குக் கொண்டுவந்தனர்.

முகமது குலி குதுப் ஷாவின் பெருங்கல்லறைக்கு எதிரே இருக்கும் இந்த ஹமாம், அக்குல முதல்வர் சுல்தான் குலி கட்டியது என்று கூறுவர். வெளியே வெயில் காய்ந்தது. உள்ளே நுழைந்தவுடன் குளிர்ந்த நிழல் எங்களை அணைத்துக்கொண்டது. தடித்த சுவர்கள், தாழ்ந்த கவிகைகள், மேலிருந்து விழும் சிறிதளவு வெளிச்சம். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டிகள். அவற்றை இணைக்கச் சுட்ட மண் குழாய்கள். நடுக்கூடத்தில் ஒரு மேடை. அதன் கருங்கல் பதிப்பு வேலையில் அமைந்த பன்னிரண்டென்னும் எண், ஷியா பிரிவினர் போற்றும் பன்னிரு இமாம்களைக் குறிப்பதென்று விளக்குவர்.

அந்த மேடை எதற்காக? மறைந்த அரசரின் உடலை அடக்கம் செய்யுமுன் கிடத்தி நீராட்டுவதற்காக என்பதே வழிவழி வந்த விளக்கம். அதனாலேயே நெடுங்காலம் இக்கட்டடம் 'பிண நீராட்டு மண்டபம்' என்று வழங்கிற்று. இன்று 'ஹமாம்' என்னும் பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றது. இரு பெயரும் பொருந்துவனவே என்று எங்களுக்குத் தோன்றியது. நாள்தோறும் ஏழையர்க்கு உணவளித்த தோட்டத்தில், திருக்குர்ஆன் ஓதுவோரும் காவலரும் தோட்டக்காரரும் வாழ்ந்த இடத்தில், வாழ்வோர் பகுதி, மாய்ந்தோர் பகுதி என்று கோடு கிழித்துப் பிரிப்பது எளிதன்று.

ஓர் அம்மையாரின் வினா

எங்களோடு திருநெல்வேலிச் சீமையில் பிறந்த மூதாட்டி ஒருவர் வந்திருந்தார். மேடையைச் சற்று நேரம் நோக்கி நின்றவர், "இவர்களும் அரப்பு வைத்துத்தான் குளிப்பாட்டுவார்களோ?" என்று கேட்டார்.

எளிய வினா, ஆழமான வினா. இசுலாமிய முறையில் மறைந்தவரை நீராட்டும்போது இலந்தை இலை கலந்த நீரை ஊற்றுவர். இறுதியாக ஊற்றும் நீரில் கற்பூரம் கலப்பர். ஒற்றைப்படை எண்ணிக்கையில் நீராட்டுதல் முறை. நம் நாட்டுப்புறத்திலோ இறந்தவர் தலையில் உறவினர் ஒவ்வொருவராக எண்ணெயும், உசில மரத்து இலையை இடித்த அரப்போ சீயக்காயோ வைப்பர். நீர்மாலை எடுத்து வந்து நீராட்டுவர். அங்கே இலந்தை இலை. இங்கே உசிலை இலை. அங்கும் கற்பூரம் உண்டு. இங்கும் கற்பூரம் உண்டு. சமயம் வேறு, மொழி வேறு. ஆயினும் பிரிந்து செல்பவரை அழுக்கோடு அனுப்பக் கூடாது என்னும் அன்பு ஒன்றே. இதனைக் கேட்ட அம்மையார், "அப்படியானால் இவர்களும் நம்மைப் போலத்தான்" என்று கூறி மேடையை நோக்கிக் கைகூப்பினார். அந்தச் சொல்லுக்கு மேல் வரலாற்றாசிரியர் எவரும் எழுதிவிட முடியாது.

தமிழருக்கு நீராடல் புதிதன்று. வையைப் புதுவெள்ளத்தில் மதுரை மக்கள் ஆடிய விழாவைப் பரிபாடல் பாடுகின்றது; சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்று ஒரு காதையே உண்டு. நாம் ஆறும் குளமும் கடலும் அருவியும் என வானம் பார்த்த நீரிலேயே பெரிதும் ஆடினோம். இயற்கையான வெந்நீர் ஊற்று தமிழ் மண்ணில் இருப்பதை ஈழத்துத் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவில் காணலாம். அங்குச் சிறு கிணறுகள் ஏழு; ஒன்றன் சூடு மற்றொன்றன் சூட்டினும் சற்றே வேறுபடும். இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் ஆற்ற விரும்பியபோது, வாளால் நிலத்தில் ஊன்ற எழுந்த ஊற்றுகள் அவை என்பது மரபுக் கதை. இன்றளவும் இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்வோர் அங்கு வருகின்றனர். கன்னியாவின் வெந்நீரும் கோல்கொண்டாவின் வெந்நீரும் பிரிவுத் துயரத்தில் ஒன்றாகி நிற்பதைக் காண்கின்றோம்.

பூடாவும் கோல்கொண்டாவும்

நீராட்டு மண்டபங்களுக்குப் புகழ்பெற்ற ஐரோப்பிய நகரம் ஒன்றை இங்கு ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். அங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்ட், பூடா, ஓபூடா, பெஸ்ட் என்னும் மூன்று ஊர்கள் 1873-இல் இணைந்து ஆன நகரம். டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள பூடாவை 1541-இல் துருக்கியப் பேரரசு கைக்கொண்டது. கெல்லெர்ட் குன்றின் அடியில் இயற்கையான வெந்நீர் ஊற்றுகள் பொங்குவதைக் கண்ட துருக்கியர் மகிழ்ந்தனர். 1566 முதல் 1578 வரை அங்கு ஆளுநராக இருந்த சொக்கொல்லு முஸ்தபா பாஷா, ஆற்றங்கரையிலேயே ஒரு நீராட்டு மண்டபம் எழுப்பினார். ருடாஷ் என்பது அதன் பெயர். எட்டுத் தூண்கள் தாங்கும் கவிகை; அதன் குறுக்களவு பத்து மீட்டர்; அடியில் எண்கோணக் குளம்.

இனி ஆண்டுகளைக் கவனியுங்கள். முஸ்தபா பாஷா பூடாவில் ருடாஷைக் கட்டியபோது, கோல்கொண்டாவை ஆண்டவர் 1550 முதல் 1580 வரை அரசு வீற்றிருந்த இப்ராகிம் குதுப் ஷா. இளமையில் ஏழாண்டுக் காலம் விசயநகரத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்; தெலுங்குப் புலவர்களைப் போற்றி, அவர்களால் 'மல்கிபராமுடு' என்று பாடப்பட்டவர்; அடைக்கலம் தந்த விசயநகரத்துக்கே எதிராக 1565-இல் தலைக்கோட்டைப் போரில் நின்றவரும் அவரே. உலகின் இரு கோடிகளில், ஒருவரையொருவர் கண்டறியாத இரு ஆட்சியாளர், ஒரே காலத்தில், ஒரே வகைக் கவிகையின் கீழ் வெந்நீரைப் போற்றினர்.

வீழ்ச்சியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நேர்ந்தது. 1686 செப்டம்பரில் கிறித்தவ அரசுகளின் கூட்டுப்படை பூடாவைத் துருக்கியரிடமிருந்து மீட்டது. அடுத்த ஆண்டு, 1687 செப்டம்பரில், எட்டுத் திங்கள் முற்றுகைக்குப் பின் உள்ளிருந்தே வாயில் திறக்கப்பட, கோல்கொண்டா வீழ்ந்தது. கடைசி அரசர் அபுல் அசன் தானா ஷா தௌலதாபாத் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, அங்கேயே உயிர் நீத்தார். அவர் உடல் குல்தாபாத்தில் அடக்கம் செய்யப்பட்டது. முன்னோரை நீராட்டிய இந்த மேடைக்கு அவர் வரவே இல்லை.

இதுவரை இரண்டும் ஒரே கதை. இதற்குப் பின்னரே வேறுபாடு. துருக்கியர் போன பிறகும் ருடாஷ் மண்டபம் அழியவில்லை. வென்றவர்களும் அதே குளத்தில் இறங்கி நீராடினர். நானூற்றைம்பது ஆண்டு கடந்து, இன்றும் மக்கள் அக்கவிகையின் கீழ் நீராடுகின்றனர். கோல்கொண்டா ஹமாமோ அரசோடு அவிந்தது.

காரணம் யாது? பூடாவில் அனல் நிலத்துக்குள்ளேயே இருக்கின்றது. மழைநீர் ஆழ இறங்கி, பூமியின் வெம்மையால் சூடாகி, பாறைப் பிளவின் வழியே மேலே வருகின்றது. அரசன் மாறினாலும் ஊற்று மாறாது. இங்கிலாந்தில் பாத் என்னும் நகரிலும் இவ்வாறே. ரோமானியர் கி.பி. முதல் நூற்றாண்டில் கோயிலும் குளமும் கட்டிய அங்கே, நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லிட்டருக்கு மேல், 46 பாகை செல்சியசு வெப்பத்தில் நீர் பொங்குகின்றது. ரோமானியர் போயினர், மண்டபம் இடிந்து மண் மூடியது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் தோண்டி எடுக்கப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் ஊற்று ஒரு நாளும் ஓயவில்லை.

கோல்கொண்டாவின் பாறைக்கு அடியிலோ அத்தகைய ஊற்று இல்லை. இங்கு ஒவ்வொரு துளி நீரையும் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். ஒவ்வொரு துளியையும் விறகிட்டுச் சூடாக்க வேண்டும். மனிதர் ஒரு நாள் கைவிட்டால் ஒரு நாள் தொட்டி வறளும். நெடுநாள் கைவிட்டால் மண்டபம் பாழ்படும்.

இறைத்தவர் யார்?

மூதாட்டி கேட்ட இரண்டாம் வினா இதுவே: "இத்தனை தண்ணீரை யார் சுமந்தார்கள்?"

ஹமாமுக்கு அருகிலேயே ஒரு படிக்கிணறு உண்டு. இத்தோட்டத்தில் அத்தகைய கிணறுகள் சில உள்ளன. அவற்றைப் 'பாவ்லி' என்பர். இச்சொல் நமக்கு அயலானதன்று. வடமொழி 'வாபி' வடக்கே 'பாவ்லி' ஆயிற்று. தெலுங்கில் 'பாவி' ஆயிற்று. தமிழில் 'வாவி' ஆயிற்று. காஞ்சிக்கு அருகே ஐயங்கார்குளத்தில் சித்திரை முழுநிலவில் வரதராசப் பெருமாள் எழுந்தருளும் நடவாவிக் கிணறும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவெள்ளறையில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் தோண்டிய மாற்பிடுகு பெருங்கிணறு, நாற்புறமும் படிகளோடு இன்றும் நிற்கின்றது. அங்கே தோண்டியவன் பெயர் கல்வெட்டில் இருக்கின்றது. இங்கே நாளும் இறைத்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை.

கோட்டைக்கு நீர் வந்த முறையைப் பார்த்தால் உழைப்பின் அளவு புலனாகும். துர்கம் செருவு ஏரியிலிருந்து நீர் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. குன்றின் உச்சி அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ நானூறு அடி உயரம். அந்த உயரத்துக்குப் பாரசீக நீர்ச்சக்கரங்களைக் கொண்டு, ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கென்று படிப்படியாக நீரை ஏற்றினர். சுவர்களுக்குள் புதைத்த சுட்ட மண் குழாய்கள் அதனை மாளிகைகளுக்குப் பகிர்ந்தளித்தன. மாடு சுற்றியது, மனிதர் ஓட்டினர், குயவர் குழாய் வனைந்தனர், கொத்தர் சுண்ணாம்பு குழைத்தனர், விறகுவெட்டிகள் சுமை சுமந்தனர். அரசர் நீராடிய ஒரு நாழிகையின் பின்னால் ஓர் ஊரே உழைத்தது. ஒளரங்கசீப் வாங்கிக்கொண்டது கோட்டையை. கலைந்து போனது இந்த உழைப்பாளர் கூட்டம். அவர்கள் கலைந்த நாளிலேயே ஹமாம் இறந்தது.

குழாயில் நீர் வரும் நாளை எண்ணிக் குடங்களை வரிசையில் வைத்த செகந்திராபாத் வாழ்க்கை நமக்குத் தெரியும். நடுவில் கரி எரியும் குழாயோடு கூடிய செப்புப் பாய்லரைப் புளியிட்டுத் துலக்கி, விடியுமுன் மூட்டி வைத்த நம் தாய்மார்களும் ஒரு சிறு ஹமாமைத்தான் நாளும் நடத்தினார்கள். அவர்களை யார் எண்ணிப் பார்த்தோம்?

மீண்டும் ஊறும் நீர்

2013-ஆம் ஆண்டுப் பெருமழையில் இத்தோட்டத்துப் பெரிய பாவ்லியின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. அத்தோடு முடிந்தது என்று விட்டிருக்கலாம். விடவில்லை. விழுந்த கற்களை எடுத்துப் பழைய முறையிலேயே சுண்ணாம்புச் சாந்து கொண்டு மீண்டும் அடுக்கினர், சேற்றை வாரினர், மழைநீர் வரும் வழிகளைத் திறந்தனர். நீர் திரும்ப வந்தது. கோல்கொண்டாப் படிக்கிணறுகளின் சீரமைப்புக்கு 2022-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருது வழங்கப்பட்டது. நூற்றாண்டுக் கணக்கில் கைவிடப்பட்டதும், கை பட்டால் உயிர்பெறும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கோல்கொண்டா நமக்கு அயலூரன்று. 1639-இல் ஆங்கிலேயர் காலூன்றிய சென்னைப்பட்டினம், சில ஆண்டுகளுக்குள் கோல்கொண்டா அரசின் மேலாட்சிக்குள் வந்தது. 1672-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 1,200 வராகன் கோல்கொண்டாவுக்குச் செலுத்த ஆங்கிலேயர் ஒப்பினர். சென்னையின் பணம் இக்குன்றுக்கு வந்தது. பின்னர்ச் சென்னையின் மக்களே இங்கு வந்தனர். செகந்திராபாத் பாளையத்துக்குச் சென்னைப் படைகளோடு சிப்பாய்களாகவும், எழுத்தர்களாகவும், ஒப்பந்தக்காரர்களாகவும் தமிழர் வந்தனர். 1874-இல் வாடியிலிருந்து இருப்புப்பாதை வந்தபோது இரயில்வே ஊழியராக மேலும் வந்தனர். 1966 அக்டோபர் 2-ஆம் நாள் தென்மத்திய இரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தபின் இன்னும் பல குடும்பங்கள் வந்தன. பத்மாராவ் நகரும் ஸ்கந்தகிரி முருகன் கோயிலும் நமக்கு ஊராயின.

தமிழகத்தில் வாழ்வோர்க்குத் தமிழ் பூடாவின் ஊற்றுப் போன்றது. தெருவில் நடந்தால் காதில் விழும். கடைப்பலகையில் கண்ணில் படும். யாரும் இறைக்காமலே ஊறும். யாரும் மூட்டாமலே சூடாக இருக்கும். நம் நிலை அவ்வாறன்று. இங்கே நம் தமிழ் கோல்கொண்டாவின் ஹமாம். தாய் நாளும் இறைத்தால்தான் தொட்டியில் நீர். தந்தை நாளும் விறகிட்டால்தான் வெம்மை. ஒரு தலைமுறை "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அடுத்த தலைமுறை பலகையை எழுத்துக்கூட்டும் நிலைக்கு வரும். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் ஒரு காலத்தில் பாய் போதாமல் தரையில் அமர்ந்தனர் பிள்ளைகள். இன்று பாய்கள் சுருட்டியபடி சுவரில் சாய்ந்திருப்பதை நாம் அனைவரும் காண்கின்றோம். இதனை யாரையும் குறை கூறுவதற்காக எழுதவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வராதவர்களுள் உண்டு.

ஆயினும் இடிந்த பாவ்லி மீண்டும் ஊறியதை நாங்கள் கண்ணால் கண்டு வந்தோம். படியில் இறங்கி நின்ற அந்தச் சிறுவன் நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லென்று இருக்கிறதே, ஹமாம் என்றால் வெந்நீர் என்றீர்களே?" என்று கேட்டான். "வெந்நீர் தானாக வராதப்பா, யாராவது அடுப்பு மூட்ட வேண்டும்" என்றார் மூதாட்டி.

அவன் கேட்ட முதல் வினாவுக்கு விடை இக்கட்டுரை. இதனை அவனே படித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அதற்காக வரும் ஞாயிறு முதல் அவன் வகுப்புக்கு வருகின்றான்; அழைத்து வருவதாக அவன் பாட்டி சொல்லியிருக்கின்றார். ஒரு பாய் விரிக்கப்படும்.